கோட்டா பேச்சுவார்த்தை: சதவீதம் கிடக்கட்டும், அடிப்படை அளவைப் பிடியுங்கள்

துணிக்குக் கோட்டா, அதாவது அளவு வரம்பு, இருந்த காலத்தில், நம் சரக்குக்கு வரம்பு கட்ட நினைத்த இறக்குமதி நாடு, ஆலோசனைக்கு வரச்சொல்லி ஒரு நோட்டீஸ் அனுப்பும். கோட்டா பார்த்தவர்கள் அதைக் 'கால்' (call, அழைப்பு) என்பார்கள். 1974இல் தொடங்கிய எம்எஃப்ஏ (ஜவுளி வர்த்தகத்துக்கான பல்லிழை ஒப்பந்தம்) காலத்திலும், 1995 முதல் 2004 முடிய இருந்த உலக வர்த்தக அமைப்பின் ஜவுளி ஒப்பந்தக் காலத்திலும் வேலை அந்தத் தாளில்தான் ஆரம்பித்தது. பிந்தைய ஒப்பந்தத்தில் பேச 60 நாள் இருந்தது. முடிவு வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அவர்களே வரம்பு போட்டுவிட முடிந்தது.

நோட்டீஸ் வந்ததும் எல்லோரும் வரம்பு ஆண்டுதோறும் கூடும் வளர்ச்சி சதவீதத்துக்குத்தான் பாய்வார்கள். பார்க்க வேண்டியது அடிப்படை அளவு, அதாவது வரம்பு தொடங்கும் அளவு. கால் வந்த மாதத்துக்கு இரண்டு மாதம் முன்னால் முடியும் 12 மாத இறக்குமதிக்குக் குறையாமல் வரம்பு இருக்க வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தில் இருந்த விதி. 10 லட்சம் டஜனில் தொடங்கி ஆண்டுக்கு 6% கூடினால் மூன்றாம் ஆண்டு 11.24 லட்சம். 8 லட்சத்தில் தொடங்கி 9% வாங்கினால் அதே ஆண்டு 9.5 லட்சம்தான். பெருமையாக வாங்கிய 9%, முதல் கணக்கின் முதலாண்டைக்கூட எட்டவில்லை.

அந்த 12 மாதக் கணக்கு அவர்களுடைய சுங்கப் புள்ளிவிவரம். நம் கணக்கு கப்பல் ஏறிய தேதியை வைத்து இருக்கும், அவர்களுடையது சரக்கு போய்ச் சேர்ந்த தேதியை வைத்து. சுங்கக் குறியீடுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தாமல் மேசைக்குப் போகாதீர்கள். வேறு நாட்டுச் சரக்கு நம் பேரில் ஏறியிருக்கும், சரக்கு வகைப் பிரிவு மாறிப் பதிவாகியிருக்கும்.

அடுத்தது, இறக்குமதியால் தங்கள் தொழிலுக்குச் சேதம் என்று அவர்கள் காட்டும் பாதிப்பு அறிக்கை. 1997இல் இந்தியாவின் கம்பளிச் சட்டை வழக்கில் அமெரிக்கா சறுக்கியது இங்கேதான்: காட்டிய தகவலில் பல, கம்பளி ஆடைத் தொழில் மொத்தத்துக்கானவை, நெய்த கம்பளிச் சட்டைக்கு என்று தனியாக இல்லை. உற்பத்தி, இருப்பு, கூலி, வேலை, லாபம் என ஒவ்வொன்றையும் 'இது எந்தப் பிரிவின் எண்?' என்று கேளுங்கள். வரம்பைக் கால் அனுப்பிய தேதிக்கே முன்தேதியிட்டால் அதையும் ஏற்க வேண்டாம். அதே ஆண்டு கோஸ்டாரிகாவின் உள்ளாடை வழக்கில் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு அதற்கு இடமில்லை என்றது.

ஸ்விங் (ஒரு பிரிவின் கோட்டாவை இன்னொன்றுக்கு மாற்றுவது), கேரி ஓவர் (போன ஆண்டு மிச்சத்தை எடுப்பது), கேரி ஃபார்வர்டு (அடுத்த ஆண்டுக் கோட்டாவை முன்கூட்டி எடுப்பது) எல்லாம் கடைசி நாள் அவசரத்தில் கையெழுத்தாகும். எம்எஃப்ஏவில் பொதுவாக ஸ்விங் 7%, மற்ற இரண்டும் சேர்ந்து 10%, அதில் ஃபார்வர்டு 5%. ஃபார்வர்டு கடன்தான், அடுத்த ஆண்டில் கழிந்துவிடும். ஸ்விங்கில் மாறுவது டஜன் அல்ல, சதுர மீட்டர். அமெரிக்கக் கணக்கில் பருத்திப் பின்னலாடைச் சட்டை டஜனுக்கு 6, பருத்தி பேண்ட் 14.9. ஒரு டஜன் பேண்டுக்கு இடம் எடுக்க ஏறக்குறைய இரண்டரை டஜன் சட்டையை விட்டுக்கொடுக்க வேண்டும். டஜனுக்கு டஜன் என்று நினைத்து ஆர்டர் பிடித்தால் ஆண்டுக் கடைசியில் சரக்கு துறைமுகத்தில் நிற்கும்.

வழியில் இருக்கும் சரக்குக்கான ஷரத்தைக் கடைசியாக விடாதீர்கள். 2005 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியமும் சீனாவும் ஷாங்காயில் உடன்பட்டன. கோட்டாவைக் கணக்கு வைக்கும் இறக்குமதி உரிம முறை ஜூலையில்தான் வந்தது. இடைப்பட்ட வாரங்களில் கிளம்பிய சரக்கே கோட்டாவைத் தின்றுவிட, கோடிக்கணக்கான ஆடைகள் ஐரோப்பியத் துறைமுகங்களில் மாட்டின. செப்டம்பரில் பெய்ஜிங்கில் மறுபடி உட்கார்ந்து, பாதியை ஐரோப்பா ஏற்று, மீதியைச் சீனாவின் கணக்கில் கழித்த பிறகே அவை வெளியே வந்தன.