28 நாள் மாத்திரையை எங்கே வைப்பது?

தென்னாப்பிரிக்காவின் க்வாஸுலு-நட்டால் மாகாணத்தில் ஒரு மலைக் கிராமத்தில் மருத்துவராக இருந்தபோது நடந்தது இது. அந்தப் பெண்ணை யாரும் அடையாளம் காணக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. தலைவலி மாத்திரை கேட்டு வந்தவரின் மணிக்கட்டில் விரல் பதிந்த தடம் இருந்தது. அந்த ஊர் மொழியான ஸூலு எனக்கு அரைகுறைதான். எங்கள் நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் பேச்சுக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை இரவு, கணவன், வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை.

"இதற்கெல்லாம் இங்கே வரலாமா, டோக்கோட்டேலா? பத்து மாடு லோபோலா கொடுத்துக் கட்டியவர் ஆயிற்றே" என்று அந்தப் பெண் கேட்டார். டோக்கோட்டேலா என்றால் டாக்டர்; லோபோலா என்பது மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுக்கும் சீர். மனைவியைப் பலவந்தப்படுத்துவதும் வன்புணர்வுதான் என்று அந்த நாட்டில் 1993லேயே சட்டம் வந்துவிட்டது. அதை அவரிடம் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. 18 வயது தாண்டிய மனைவி என்றால் இந்தியச் சட்டம் இன்னும் அதை வன்புணர்வாக எடுத்துக்கொள்வதில்லை.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சம்பவம் நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் தினமும் விழுங்கியாக வேண்டும். 60 மணி நேரம் போய்விட்டது. உடனே ரத்தப் பரிசோதனை செய்தோம், தொற்று இல்லை. முதல் வேளை மாத்திரையையும் கரு தங்காமலிருக்க மாத்திரையையும் அங்கேயே விழுங்க வைத்தேன். போலீசில் புகார் கொடுத்தால்தான் மருந்து என்று பலர் நினைத்து வராமலே இருந்துவிடுகிறார்கள். அப்படி இல்லை, மருந்துக்குப் புகார் தேவையில்லை. பின்னால் வழக்குப் போட நினைத்தால் உதவட்டும் என்று காயங்களை, நீதிமன்றத்துக்கான மருத்துவப் படிவமான ஜே88இல், ஒவ்வொன்றின் அளவையும் குறித்து எழுதி வைத்தேன்.

சரி, 28 நாள் மாத்திரையை எங்கே வைப்பது? "அவர் பார்த்தால் எனக்கு நோய் என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவார்" என்றார். சிகிச்சையைவிட இதற்குத்தான் அதிக நேரம் யோசித்தோம். கடைசியில் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் டப்பா போனது. தினமும் மாலை சோளமாவு கேட்கிற சாக்கில் போய் விழுங்கிவிட்டு வருவார். முதல் வாரம் ஒரே குமட்டல், அதற்கும் மாத்திரை கொடுத்தோம். அவருடைய போனைக் கணவன் பார்ப்பான் என்பதால் நாங்கள் கூப்பிடவே இல்லை. குழந்தைக்கு எடை பார்க்க வருவதுபோல அவரே வந்தார்.

மூன்றாவது வாரம், கணவன் தன்னைத் துன்புறுத்தக் கூடாது என்று நீதிமன்றம் போடும் பாதுகாப்பு ஆணை வேண்டும் என்று தானாகவே கேட்டார். காவல் நிலையத்தில் இருந்தவர் "வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. மறுநாள் நர்ஸ் துணைக்குப் போக, இருவரும் நேராக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1998 குடும்ப வன்முறைச் சட்டப்படி அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. இடைக்கால ஆணையோடு ஒரு கைது வாரண்டும் கிடைத்தது. கணவன் ஆணையை மீறினால் அதைப் போலீசிடம் காட்ட வேண்டும்.

"இந்தக் காகிதத்தை நானா அவரிடம் கொடுக்கணும்?" என்று பயந்துபோய்க் கேட்டாராம். இல்லை, அதிகாரிகள் கொடுப்பார்கள். ஆனால் அது கணவன் கைக்குப் போகும் நாள்தான் மிகவும் ஆபத்தானது. அதனால் அதற்கு முன்பே பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போய்விடச் சொன்னோம். போனார்.

மூன்று மாதம் கழித்துச் செய்த பரிசோதனையிலும் தொற்று இல்லை. அவர் அம்மா வீட்டிலேயே இருந்தார். மாமன்மார்கள் மட்டும் அந்தப் பத்து மாட்டைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.