ஐந்து மண்டபம்

பிப்ரவரி 9
அக்காவுக்கு இன்று காய்ச்சல் இல்லை. மறுபடியும் பைபிளில் யோவான் சுவிசேஷம், 5ஆம் அதிகாரம்.

பிப்ரவரி 10
பெதஸ்தா குளம். ஐந்து மண்டபங்கள், அவற்றில் குருடரும் சப்பாணிகளும் படுத்துக் கிடக்கிறார்கள், தண்ணீர் கலங்கியதும் முதலில் இறங்குபவன் குணமாவான் என்று காத்துக்கொண்டு. ஐந்து என்றதும் மனம் ஐம்புலனுக்குத் தாவிவிடுகிறது. கண்ணும் காதும் கொண்டுவந்து கொட்டுவதிலேயே உள்ளே எல்லாம் முடங்கிக் கிடக்கிறது. குளம்தான் உணர்வின் ஆழம். எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது! அதனாலேயே கொஞ்சம் பயம். பழைய கிறிஸ்தவ ஞானி அகஸ்டின் இதே ஐந்தை மோசேயின் ஐந்து நூல்கள் என்றார். அங்கே கிடந்த ஒரு நோயாளியின் 38 வருஷ நோயையும் விடவில்லை. நாற்பதுக்கு இரண்டு குறைவு, குறைந்த இரண்டு இறையன்பும் பிறரன்பும் என்று கணக்குப் போட்டார். அவருக்கும் பொருந்தத்தான் செய்தது.

பிப்ரவரி 11
தூக்கம் இல்லை.

பிப்ரவரி 13
எருசலேமில் தோண்டியபோது இரட்டைக் குளம் கிடைத்திருக்கிறது. நாலு பக்கமும் மண்டபம், நடுத்தடுப்பின் மேல் ஒன்று, ஆக ஐந்து என்கிறார்கள். வெறும் கட்டடம்! சிரித்தேன், அப்புறம் எரிச்சல் வந்தது. கல்லாக இருந்தால் புலனாக இருக்கக் கூடாதா? ஆபிரகாமின் பிள்ளைகளைப் பெற்ற ஆகாரையும் சாராளையும் இரண்டு உடன்படிக்கைகள் என்று பவுலே எழுதினாரே.

விரிப்பில் ஒரு மடிப்பு இருந்திருக்கிறது. அக்காவைப் புரட்டும்போது பார்த்தேன், முதுகில் குறுக்கே சிவப்புக் கோடு. விரலால் அழுத்தினால் வெளுத்து, மறுபடி சிவக்கிறது. இதற்கு உட்பொருள் கிடையாது. நான் சரியாக இழுத்துச் செருகவில்லை.

பிப்ரவரி 16
"சொஸ்தமாக வேண்டுமென்று விரும்புகிறாயா?" என்று அந்த 38 வருஷ நோயாளியிடம் இயேசு கேட்கிறார். அவன் ஆம் என்று சொல்லவே இல்லை. குளத்தில் இறக்கிவிட ஆளில்லை, வேறொருவன் முந்திவிடுகிறான் என்று புகார்தான். அக்காவைப் பற்றி யார் விசாரித்தாலும் நானும் இப்படித்தான்: முடிவு வரவில்லை, போன் எடுப்பதில்லை, அலையவிடுகிறார்கள்.

அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "38 வருஷமா படுத்திருக்கவன்கிட்ட கேக்கிற கேள்வியாடா இது?" என்றாள். அப்புறம், "அந்தத் தண்ணி கலங்கறது இருக்கட்டும், குடிக்கக் கொஞ்சம் குடு."

பிப்ரவரி 17
இன்றும் வரவில்லை.

பிப்ரவரி 19
தூதன் இறங்கித் தண்ணீரைக் கலக்கும் 4ஆம் வசனம் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. அதை எடுத்துவிட்டுப் படித்தால் கலக்குவது யார் என்றே தெரியாது. தண்ணீர் எப்போதோ கலங்கும், கிடக்க வேண்டியதுதான். இந்த வாசிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, நல்லதற்கல்ல.

திருமூலர் வேறு குறுக்கே வருகிறார். "கள்ளப் புலனைந்தும் காளா மணிவிளக்கே." ஐந்தையும் நோயாளிகள் கிடக்கும் இடமாக நான் பார்க்க, அவர் விளக்கு என்கிறார். தெள்ளத் தெளிந்தார்க்கு என்று ஒரு நிபந்தனையும் உண்டு, அது எனக்கில்லை. அக்கா தூக்கத்திலும் போர்வை ஓரத்தை விரலால் நெருடிக்கொண்டே இருக்கிறாள். அது மண்டபமா, விளக்கா?

பிப்ரவரி 20
குணமானவனிடம் இயேசு, படுக்கையை எடுத்துக்கொண்டு நட என்று ஏன் சொல்ல வேண்டும்? அங்கேயே போட்டுவிட்டுப் போகலாமே. உன்னைச் சுமந்த பழக்கத்தை இனி நீ சும என்று ஒரு விளக்கம் கைவசம் இருக்கிறது. போன மாதம் என்றால் அடிக்கோடு போட்டிருப்பேன். மணி இரண்டு, அவளைப் புரட்ட வேண்டும். மீதியை