லோங் யிங்சோங் கடிதங்களைப் பார்க்கப் போய் நான் பட்ட பாடு

தைவானில் ஒரு காப்பகத்தில் (பெயர் வேண்டாம், மறுபடியும் அங்கேதான் போயாக வேண்டும்) லோங் யிங்சோங்கின் கடிதங்களைப் பார்த்துவிட்டு நேற்றுதான் திரும்பினேன். தைவான் எழுத்தாளர், ஜப்பானியர் ஆட்சியில் ஜப்பானிய மொழியில் கதை எழுதிய வங்கி குமாஸ்தா, 1937இல் தோக்கியோவின் 'கைசோ' இதழ்ப் பரிசு வாங்கியவர் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முதல் பயணம் வீண். விண்ணப்பத்தில் வழக்கம்போல இனிஷியலோடு பெயர் எழுதியிருந்தேன், பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. கவுன்டர் அம்மணி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "இது வேறு ஆள்" என்று முடித்துவிட்டார். உள்ளே பெட்டியில் இருப்பவருக்கே இரண்டு பெயர், சொந்தப் பெயர் லியூ ரோங்சோங், லோங் யிங்சோங் புனைபெயர்தான் என்று சொல்லிப் பார்த்தேன், சிரிக்கக்கூட இல்லை. ஆனால் அப்போதுதான் எனக்கு உறைத்தது, பட்டியலில் நான் புனைபெயரை மட்டுமே தேடியிருக்கிறேன் என்று. வீட்டுக்கு வந்து லியூ என்று போட்டால் இன்னொரு கத்தை.

இரண்டாவது முறை ஆண்டில் சறுக்கினேன். கதை கேட்டு வந்த ஓர் அஞ்சலட்டையின் முத்திரையில் 17 என்று இருந்ததை மிங்குவோ (சீனக் குடியரசுக் கணக்கு) ஆண்டாக நினைத்து 1928 என்று குறித்துவிட்டேன். 1911இல் பிறந்தவர், அப்போது அவருக்கே பதினேழு வயது, அந்தப் பையனிடம் யார் கதை கேட்கப் போகிறார்கள்! அது ஷோவா (ஜப்பானியப் பேரரசரின் ஆட்சி ஆண்டுக் கணக்கு) 17, அதாவது 1942. ஷோவா என்றால் 1925ஐக் கூட்டுங்கள். ஜப்பானியர் போன பிறகு வந்த கடிதம் என்றால் மிங்குவோ, 1911ஐக் கூட்டுங்கள்.

பெரிய அடி விழுந்தது நகல் கேட்டபோதுதான். கடிதம் அவர் பெட்டியில் இருந்தாலும் பதிப்புரிமை எழுதி அனுப்பியவருக்குத்தான், எழுதியவர் இறந்து 50 ஆண்டு வரை. லோங் 1999இல் காலமானார், அவர் எழுதியவற்றுக்கே 2049 முடிய வேண்டும். அவருக்கு வந்தவற்றுக்கு ஒவ்வொருவரின் வாரிசையும் தேடு என்றார்கள். அதனால் அனுப்பியவர் பெயரையும் இறந்த ஆண்டையும் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கெடு தாண்டிய நாலைந்துக்கு எனக்கு அன்றைக்கே நகல் கிடைத்தது.

மீதியைப் பென்சிலில்தான் எழுதி எடுத்தேன், பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். ஒன்றோடொன்று ஒட்டி ஓடும் எழுத்து, முதல் நாள் ஒரே அஞ்சலட்டைக்கு முழுக் காலையும் போயிற்று. மூன்றாம் நாள் ஆறு முடித்தேன். நடுவில் முனை உடைந்தபோது சீவிய பென்சில் ஒன்றை மேசையில் கொண்டுவந்து வைத்தவர் அதே கவுன்டர் அம்மணி.