புரட்டாசித் தண்ணீர்

போன சனிக்கிழமை அம்மா அடுப்படிக் குழாயைத் திறந்தார், முகர்ந்து பார்த்தார், "பெருமாளே!" என்றார். பக்தியில் வந்த பெருமாளே இல்லை அது. புரட்டாசி மாதம், தண்ணீரில் கெலி மீன் வாடை!

அப்பா கெலி வளர்க்கிற நீல டிரம்தான் காரணம். ஓஸ் பைப்பின் வாய் எந்நேரமும் அதற்குள் முங்கியே கிடக்கும். மீனுக்குப் புதுத் தண்ணீர் வேண்டுமாம், குழாயை லேசாகத் திறந்தே வைத்திருப்பார். முந்தின ராத்திரி மெயின் ரோட்டில் குழாய் வெடித்தது. மலேசியாவில் எங்கள் ஊருக்கு இருந்த பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆக்கினார்கள், மண்ணுக்கடியில் கிடக்கிற குழாயை மாற்றின மாதிரித் தெரியவில்லை. மெயினில் அழுத்தம் இறங்கியதும் டிரம்மில் இருந்ததெல்லாம் ஓஸ் பைப் வழியாக வீட்டுக் குழாய்க்குள் ஏறிவிட்டது. அடுப்படிக் குழாய்க்கு டாங்கித் தண்ணீர் கிடையாது, மீட்டரிலிருந்து நேரே வருவது. சப்ளை திரும்பியபோது முதல் மரியாதை அதற்குத்தான்.

நான்-ரிட்டர்ன் வால்வு போடலாம் என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, சின்ன மாமா ஸ்பேனர் பையோடு வந்து நின்றார். கித்தா (ரப்பர்) தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவர். அங்கே அவர் மிசினை ஓடவிட்டதைவிட நிறுத்தியதுதான் அதிகம் என்பார் அத்தை.

வால்வு விரல் நீளப் பித்தளைத் துண்டுதான். உள்ளே ஸ்பிரிங், ரப்பர் வளையம், வெளியே ஓர் அம்புக்குறி. அம்பு காட்டும் பக்கம் தண்ணீர் போனால் வழி விடும், திரும்பி வந்தால் அடைத்துக்கொள்ளும். மாமா அதை வாசலில் மீட்டர் பக்கம் மாட்டி, மேலே சிமெண்டு பூசி, டைல்ஸும் ஒட்டுவதாக இருந்தார். அங்கே போட்டால் தெருக்காரர்களுக்குத்தான் காவல். நம் டிரம் தண்ணீர் நம் அடுப்படிக்கு வராமல் இருக்க, பின்பக்கக் குழாய்க்குப் பிரிகிற இடத்தில் போட வேண்டும். அதுவும் சுவருக்கு வெளியே, கைக்கு எட்டும் உயரத்தில், இரண்டு பக்கமும் யூனியன் என்கிற கழற்றி மாட்டும் இணைப்பு வைத்து. துரு வந்து ரப்பரில் உட்கார்ந்தால் வால்வு மூடாது. கழற்றிக் கழுவ வேண்டாமா?

"வெளியே தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்டா" என்றார் மாமா. அவர் வீட்டுக் கூரையில் சாய்ந்து தொங்குகிற பழைய ஏரியலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. ஒருவழியாகச் சம்மதித்தார். அந்தக் கோபத்தையெல்லாம் வெள்ளை டேப்பில் காட்டினார், கை முறிந்தவனுக்குக் கட்டுப் போட்ட மாதிரி சுற்றித் தள்ளிவிட்டார்.

எல்லாம் முடிந்து தேத்தண்ணி கொடுக்கும்போது அம்மா கேட்டார்: "ஓஸ் பைப்பை டிரம்முக்கு மேலே தூக்கிக் கட்டியிருந்தா போதாதா?"

போதும்தான். பைப் வாய்க்கும் தண்ணீருக்கும் நடுவே காற்று இருந்தால் எந்த மெயினாலும் உறிஞ்ச முடியாது. மாமா பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைப்பதில் மும்முரமானார்.

கைக்கு எட்டும் உயரம் என்று சொன்னேன் அல்லவா? இப்போது அதில் அப்பாவின் துண்டு, அம்மாவின் பூக்கூடை, பக்கத்து வீட்டுப் பையனின் பேட்மிண்டன் மட்டை எல்லாம் தொங்குகின்றன.

ஓஸ் பைப்? டிரம்முக்குள்ளேதான்.

"அதான் வால்வு போட்டாச்சே!" என்கிறார் அப்பா.