பிளஞ்சரை மாற்றிப் போடாதீர்கள்

ஜி.சி.யில், அதாவது கலவையை ஆவியாக்கிப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமடோகிராஃப் மெஷினில், சிரிஞ்சால் கையாலேயே சாம்பிளைச் செலுத்தப் பழகிய நாட்களில், ஒரே சாம்பிளை ஆறு தடவை போட்டால் ஆறு விதமான பீக் ஏரியா (சேர்மத்தின் அளவைக் காட்டும் எண்) வரும். ஊசி குத்தும் ரப்பர் மூடியான செப்டம் கசிகிறதா, டிடெக்டர் போய்விட்டதா என்று மெஷினையே குடைந்துகொண்டிருந்தேன். சீனியர் அக்கா வந்தார், மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சிரிஞ்சை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிளஞ்சருக்கு, அதாவது உள்ளே தள்ளும் கம்பிக்கு, கீழே சின்னதாக ஒரு காற்றுக்குமிழி.

நாங்கள் வைத்திருந்தது ஹாமில்டன் 701, மொத்தமே 10 மைக்ரோலிட்டர். கண்ணாடிக் குழலின் உள்விட்டம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, அளவுக்கோடுகளின் நீளம் ஐந்தாறு சென்டிமீட்டர். அதாவது ஒரு மைக்ரோலிட்டருக்கு பிளஞ்சர் நகர்வது ஐந்தாறு மில்லிமீட்டர்தான், அதில் அரை மில்லிமீட்டர் கண் தப்பினாலே 8 சதவீதத்துக்கு மேல் போச்சு.

குமிழியை விரட்ட ஊசியைச் சாம்பிளுக்குள் வைத்தபடியே மெதுவாக இழுத்து, வேகமாகத் தள்ள வேண்டும், ஐந்தாறு தடவை. அப்புறம் ஊசியை டிஷ்யூவால் துடைக்கும்போது நுனியைத் தொடக்கூடாது, தொட்டால் காகிதம் உள்ளே இருப்பதையும் உறிஞ்சிவிடும்.

ஆனால் எனக்குப் புரிய ரொம்ப நாளான விஷயம் வேறு. ஊசிக்குள்ளேயே சுமார் 0.6 மைக்ரோலிட்டர் தங்கும், அது அளவுக்கோட்டில் தெரியாது. மெஷினில் சாம்பிளை ஆவியாக்கும் 250 டிகிரி இன்ஜெக்டருக்குள் ஊசி நுழைந்ததும் அதுவும் கொதித்துக் கொஞ்சம் உள்ளே போகும், அதிலும் எளிதில் ஆவியாகும் சேர்மம் முந்திக்கொள்ளும், கனமானது ஊசியிலேயே தங்கிவிடும். அதனால் 1 மைக்ரோலிட்டர் எடுத்ததும் பிளஞ்சரை இன்னும் பின்னுக்கு இழுத்து, திரவம் முழுவதையும் கண்ணாடிக்குள் கொண்டுவந்து நீளத்தைப் பாருங்கள், கிட்டத்தட்ட 1.6 காட்டும். வெறும் ஊசியைக் குத்தி, இரண்டு மூன்று விநாடி சூடாகவிட்டு, சட்டென்று தள்ளுங்கள். வெளியே எடுத்து மறுபடி இழுத்தால் மிச்சம் எவ்வளவு என்று தெரியும், கழித்துக்கொண்டால் உண்மையில் உள்ளே போன அளவு கிடைக்கும். இதைச் செய்யத் தொடங்கிய அன்றே என் ஏரியாக்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தன.



சரி, தலைப்புக்கு வருகிறேன். இந்தச் சிரிஞ்சில் ரப்பர் கிடையாது. மெல்லிய ஸ்டீல் கம்பி கண்ணாடியோடு அவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவதால்தான் கசியாமல் நிற்கிறது, அந்தக் கம்பியை அந்தந்தக் குழலுக்கென்றே தேய்த்துப் பொருத்துகிறார்கள். ஒருநாள் இரண்டு சிரிஞ்சுகளை ஒரே பீக்கரில் கழுவி, பிளஞ்சர்களை மாற்றிச் செருகிவிட்டேன். ஒன்று பாதியில் இறுகி வளைந்தது, மற்றொன்றில் தள்ளும்போது கம்பியோரமாக ஹெக்சேன் கரைப்பான் மேலே ஏறி வந்தது. இரண்டுமே வீண். இப்போதெல்லாம் ஒன்றை அசிட்டோனில் கழுவி, உலர்த்தி, அதன் டப்பாவில் வைத்து மூடிய பிறகுதான் அடுத்ததைக் கழற்றுகிறேன்.