டான்காஸ்டர் பெல்ஸ் கணக்கை எக்செலில் ஏற்றிய கதை

இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து கிளப்பான டான்காஸ்டர் பெல்ஸின் முடிவுகளை எல்லாம் ஒரே எக்செல் ஷீட்டில் கொண்டுவரும் வேலையில் கோப்பை இறுதிப் போட்டிகள் முழுக்க ஏறிவிட்டன. தேசிய லீக் பக்கமும் ஓரளவு உருவத்துக்கு வந்துவிட்டது. இதுவரை செய்ததையும் அதில் கண்ணில் பட்டதையும் எழுதி வைக்கிறேன்.

இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து என்றால் இன்று எல்லோரும் ஆர்சனல், செல்சீ, மான்செஸ்டர் சிட்டி என்றுதான் சொல்வார்கள். ஆர்சனல் பெண்கள் அணி பிறந்ததே 1987-ல். அந்த வருடத்தோடு சேர்த்து பெல்ஸ் தொடர்ந்து ஐந்து தடவை, இங்கிலாந்தின் நாக்-அவுட் தொடரான பெண்கள் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி ஆடி முடித்திருந்தார்கள். இவர்களைப் பற்றித் தமிழில் ஒரு வரி கூட என் கண்ணில் படவில்லை. சரி, நாமே உட்காருவோம் என்று உட்கார்ந்ததுதான்.

கிளப் தொடங்கியது 1969-ல், யார்க்ஷயரில், சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த பக்கத்தில். டான்காஸ்டர் ரோவர்ஸ் ஆண்கள் அணியின் மைதானத்துக்குப் பெல் வ்யூ என்று பெயர். ஆட்ட நாட்களில் அங்கே லாட்டரிச் சீட்டு விற்றுக்கொண்டிருந்த பெண்கள், நாமும் ஆடினால் என்ன என்று கிளம்பினார்கள். முதலில் பெல் வ்யூ பெல்ஸ், கொஞ்ச நாளில் டான்காஸ்டர் பெல்ஸ். பெண்களுக்கு மைதானம் தரக்கூடாது என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1921-ல் போட்ட தடை அப்போதுதான் தளரத் தொடங்கியிருந்தது. சீட்டு விற்கப் போன இடத்தில் ஒரு கிளப் முளைத்த கதை எனக்கு எந்தக் கோப்பையை விடவும் பிடித்திருக்கிறது.

ஷீட் வேலைக்கு வருவோம். கால்பந்து ஸ்கோரை எக்செலில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். 3-2 என்று அடித்து எண்டர் தட்டினால் அது பிப்ரவரி 3 ஆகிவிடும். 4-3 மார்ச் 4 ஆகும். முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் எழுத்தாகவே நிற்கும். ஆனால் கூட்டல் கழித்தலுக்கு உதவாது. அதனால் அடித்த கோலுக்கு ஒரு பத்தி (நெடுவரிசை), வாங்கிய கோலுக்கு ஒரு பத்தி என்று பிரித்துவிட்டேன். இந்த ஒரு ஏற்பாட்டினால்தான் அடுத்து வரும் கணக்கு கிடைத்தது.

பெல்ஸ் ஆடிய இறுதிப் போட்டிகள் 13. வென்றது 6: 1983, 1987, 1988, 1990, 1992, 1994. தோற்றது 7: 1984, 1985, 1986, 1991, 1993, பிறகு ஒரு இடைவெளி விட்டு 2000, 2002. 1983 முதல் 1994 வரை பன்னிரண்டு வருடங்களில் 1989-ல் மட்டும்தான் இவர்கள் இறுதிக்கு வரவில்லை. இரண்டு பத்திகளின் அடியிலும் கூட்டல் போட்டேன். அடித்தது 21, வாங்கியது 21.

ஃபார்முலா எங்கேயோ தவறான பத்தியைப் பிடித்திருக்கிறது என்று நினைத்து, காகிதத்தில் கையால் கூட்டினேன். அதே 21, அதே 21. செயின்ட் ஹெலன்ஸை 3-2 வென்றது, ஹௌபரி கிரேஞ்சிடம் 2-4 தோற்றது, நாரிச்சிடம் 3-4 தோற்றது, ரெட் ஸ்டார் சவுத்தாம்ப்டனை 4-0 அடித்தது, மறுவருடமே ஆர்சனலிடம் 0-3 வாங்கியது என எல்லாம் சேர்ந்து சரிசமமாக வந்து நிற்கின்றன. 13-ல் 7 ஆட்டங்கள் ஒரே கோல் வித்தியாசத்தில் முடிந்தவை. அதில் மூன்று வெற்றி, நான்கு தோல்வி. எதிரிகளை நசுக்கித் தள்ளிய அணி என்று பெல்ஸைப் பற்றி ஒரு பிம்பம் உண்டு. லீக்கிலும் ஆரம்பச் சுற்றுகளிலும் அது உண்மைதான். இறுதிப் போட்டி என்று வந்தால் பாதி நேரம் மயிரிழையில்தான் முடிவு தீர்ந்திருக்கிறது. 1994-ல் நோஸ்லி யுனைடெட்டை வென்றதும் கேரன் வாக்கர் அடித்த ஒற்றை கோலால்.

எதிரணிப் பெயர்கள் இன்னொரு இம்சை. இந்த நோஸ்லி யுனைடெட்தான் அதே 1994-ல் லிவர்பூல் பெண்கள் அணியாகப் பெயர் மாற்றிக்கொண்டது. 1988-ல் பெல்ஸிடம் 3-1 தோற்ற லீசோ பசிஃபிக், பிற்பாடு எவர்ட்டன் ஆனது. பெயரை மட்டும் வைத்து வடிகட்டினால், இறுதிப் போட்டியில் பெல்ஸ் லிவர்பூலையும் எவர்ட்டனையும் வீழ்த்தியது ஷீட்டில் தெரியவே தெரியாது. அதனால் ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு அடையாள எண், அந்தந்த வருடத்தில் இருந்த பெயருக்குத் தனிப் பத்தி. ஆரம்பத்திலேயே இப்படிச் செய்துவிடுங்கள். பழைய பெண்கள் கால்பந்து விவரங்களைத் தொடுகிற யாருக்கும் இது கட்டாயம் தேவைப்படும்.

லீக் பக்கம் சுருக்கமாக. தேசிய அளவில் பெண்கள் லீக் வந்தது 1991-92 பருவத்தில். எட்டு அணிகள், ஆளுக்கு 14 ஆட்டங்கள். பதினான்கையும் பெல்ஸ் வென்றார்கள், கோப்பையும் சேர்த்து. 1992-93-ல் ஆர்சனல் இரண்டையும் பறித்துக்கொண்டது. 1993-94-ல் திரும்பவும் இரட்டை வெற்றி. அதற்குப் பிறகு லீக் பட்டம் மேல்மட்டத்தில் இவர்களுக்கு வரவே இல்லை.

அந்த அணியின் நடுநாயகம் கில்லியன் கோல்ட்டார்ட். தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே இங்கிலாந்துக்காக 119 ஆட்டங்கள் ஆடியவர். நூறைத் தொட்ட முதல் இங்கிலாந்துப் பெண். 1995 உலகக் கோப்பையில் கனடாவை 3-2 வென்ற ஆட்டத்தில் இரண்டு கோல் அவருடையது. நைஜீரியாவை அதே 3-2 கணக்கில் வென்ற ஆட்டத்தில் வாக்கருக்கு ஒன்று.

2011-லிருந்து ஷீட் குழம்புகிறது. புதிய மேல்பிரிவான பெண்கள் சூப்பர் லீக் கோடைக்கால ஆட்டமாக ஆரம்பித்ததால் பருவம் 2011, 2012 என்று ஒற்றை வருடம். 2017-ல் ஒரு குட்டி வசந்தகாலத் தொடர். அப்புறம் மறுபடி 2017-18. வரிசைப்படுத்தும்போது எல்லாம் கலைந்துபோகும். பருவம் தொடங்கிய மாதத்தைத் தனியாக வைத்து அதை வைத்தே வரிசைப்படுத்துகிறேன்.

அதை விடப் பெரிய சிக்கல் 2013. அந்த வருடம் எட்டு அணிகளில் பெல்ஸ் கடைசி, அடுத்த வருடம் இரண்டாம் பிரிவு. அட்டவணையை மட்டும் பார்ப்பவர் கடைசியில் வந்தார்கள், இறங்கினார்கள் என்று நகர்ந்துவிடுவார். நடந்தது அதுவல்ல. பருவத்தில் ஒரே ஒரு ஆட்டம் முடிந்திருந்தபோது, ஏப்ரலிலேயே, 2014 முதல் பெல்ஸுக்கு மேல்பிரிவில் இடமில்லை என்று சங்கம் அறிவித்தது. லீக்கில் ஆட சங்கம் தரும் உரிமத்தின் அடிப்படையிலான தேர்வில் அந்த இடம் மான்செஸ்டர் சிட்டிக்குப் போயிற்று. மேல்முறையீடும் எடுபடவில்லை. முந்தைய இரண்டு வருடமும் பெல்ஸ் அட்டவணையின் அடிப்பகுதியில்தான் கிடந்தார்கள், பண பலமும் இல்லை, இதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் மீதி ஆட்டங்களை எந்த மனநிலையில் ஆடியிருப்பார்கள்? தீர்ப்பு சொல்லிவிட்டு விசாரணை நடத்துவது போலத்தான் இருக்கிறது எனக்கு.

2015-ல் இரண்டாம் இடம் பிடித்து மேலே வந்தார்கள். 2016-ல் ஒன்பது அணிகளில் கடைசி, திரும்பக் கீழே. அதே 2016-ல் ஒரு ஆட்டம் கூடத் தோற்காமல் பட்டம் வாங்கியது யார் என்றால், மான்செஸ்டர் சிட்டி.

2017-18-ல் பெல்ஸ் இரண்டாம் பிரிவின் சாம்பியன். அடுத்த வரியில் ஷீட் காட்டுவது மூன்றாம் நிலை லீக். பட்டம் வாங்கிய கையோடு, பணம் கட்டுப்படியாகாது என்று தாங்களே விலகிக்கொண்டார்கள். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நான் பச்சை, சிவப்பு நிறம் தானாக வரும்படி வைத்திருந்தேன். அந்த விதி இந்த வரியில் சாம்பியனைச் சிவப்பாக்கிவிட்டது. விதியைத் திருத்தவில்லை. பக்கத்தில் ‘காரணம்’ என்று ஒரு புதுப் பத்தி சேர்த்தேன். ஆட்டத்தால், உரிமத்தால், பணத்தால் என்று மூன்றே தேர்வு. இந்தக் கிளப்பின் 2011-க்குப் பிறகான வருடங்களைப் படிக்க ஸ்கோரை விட இந்தப் பத்திதான் உதவுகிறது. வேறு கிளப்புகளுக்கும் இதைப் போட்டுப் பார்க்கும் எண்ணம் இருக்கிறது.

வீராங்கனைகளுக்குத் தனி ஷீட் திறந்திருக்கிறேன். மில்லி பிரைட் பெல்ஸில் ஆடி வளர்ந்து செல்சீக்குப் போனவர். மேரி ஏர்ப்ஸ் சில காலம் இங்கே கோல் காத்தவர். 2023 உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்துக்குக் கேப்டன் பிரைட், கோல்கீப்பர் ஏர்ப்ஸ். இருவரையும் ஏற்றியாயிற்று.

அடுத்து, தேசிய லீக்குக்கு முந்தைய வட்டார லீக் ஆட்டங்கள். பெயர் மாற்றங்கள் அங்கே இன்னும் அதிகம் இருக்கும் என்பதால், கிளப் அடையாள எண்ணை நான்கு இலக்கமாக நீட்டி வைத்துவிட்டேன்.