பங்குனி வாய்க்காலில் பறவைகள்

பெரும்போக நெல் வெட்டு முடிந்ததும் கிழக்கிலங்கையின் சம்மாந்துறை வட்டைகளுக்கு, அதாவது வயல்வெளிகளுக்கு, போகும் வாய்க்கால்களில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். இனி அடுத்த விளைச்சலான சிறுபோகத்துக்குத்தான் திறப்பு. வாய்க்கால் கரையில் பறவை பார்க்க இதைவிட நல்ல காலம் இல்லை என்பேன். பங்குனி பிறந்த கிழமை, காரைதீவிலிருந்து விடியச் சைக்கிளில் புறப்பட்டேன்.

இங்கினியாகலையில் பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரத்தின் தண்ணீர்தான் இந்த வயல்களை விளைவிக்கிறது. ஓட்டம் நின்றால் பள்ளங்களில் மட்டும் கொஞ்சம் தேங்கும். விராலும் சிறுமீனும் அதற்குள் ஒடுங்கும். அப்படி ஒரு பள்ளத்தைச் சுற்றி வெள்ளைக் கொக்கு, நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை எல்லாம் நெருக்கியடித்து நின்றன. நாரைக்கு மீனில் நாட்டம் குறைவு. சேற்றை அலகால் துழாவி நத்தையை எடுத்து, ஓட்டுக்குள் இருக்கும் சதையை மட்டும் உருவி விழுங்கியது. மருதமர வேரடியில் கபரகொய்யா என்னும் நீருடும்பு ஒன்று அசையாமல் கிடந்தது.

நமக்கு இலையுதிர்ந்து துளிர்க்கும் பனிநாட்டு வசந்தம் கிடையாது. ஆனாலும் காலம் மாறுவது கண்ணுக்குத் தெரிகிறது. மாட்டோடு திரியும் உண்ணிக்கொக்கின் தலையிலும் கழுத்திலும் மஞ்சள் அரைத்துப் பூசினாற்போல நிறம் ஏறத் தொடங்கியிருந்தது; இணைசேரும் காலத்துக்கான கோலம் அது. வரப்போரம் பதுங்கும் மடையானுக்கும் முதுகு கருஞ்சிவப்பாகும். வேம்பு பூத்திருந்தது. குயில் விடாமல் கூவியது. வடக்கேயிருந்து வந்த வயல் உள்ளான்கள் இன்னும் சேற்றில் இரை பொறுக்கிக்கொண்டிருந்தன, சித்திரை கழிவதற்குள் பெரும்பாலானவை போய்விடும்.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது நீலவால் பஞ்சுருட்டான். கம்பியிலிருந்து பாய்ந்து தும்பியைப் பிடித்து, திரும்ப வந்து கம்பியில் அடித்துக் கொன்று தின்னும். இலங்கையில் காண்பவற்றில் பெரும்பாலானவை குளிர்காலத்துக்கு வந்து போகிறவை. கிழக்கில் மட்டும் சில இங்கேயே தங்கி, மண்கரையில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கின்றன. வெண்மார்பு மீன்கொத்திக்கும் அப்படிச் செங்குத்தான மண்கரைதான் வீடு. வாய்க்கால்களுக்குக் கொங்கிறீட் போடுவது தண்ணீர் வீணாகாமல் இருக்க என்பது விளங்குகிறது. என்றாலும் அங்கங்கே ஒரு துண்டு மண்கரையையும் மருதமரங்களையும் விட்டுவைக்கலாமே என்று மனம் அடித்துக்கொள்கிறது.

வைக்கோல் கட்டிக்கொண்டிருந்த காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர், "தம்பி, ஒள்ளுப்பம் (கொஞ்சம்) பொறுங்க. அங்கால போகாதீங்க, ராவு யானை இறங்கின" என்றார். கரையில் பச்சை லத்தி கிடந்தது. வெட்டு முடிந்த வயலில் வைக்கோல் தின்னவே கூட்டமாக வருகின்றனவாம். அவர் சொன்னபடி அங்கேயே திரும்பினேன்.

போக நினைப்பவர்கள் சிறுபோகத் தண்ணீர் திறப்பதற்கு முன் போங்கள். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு இறங்குங்கள், வெயில் ஏறுமுன் திரும்புங்கள். எந்தக் கரையில் யானை நிற்கிறது என்று வயலில் நிற்பவர்களிடம் முதலில் கேளுங்கள்.